கோச்சின் வாக்கும் கல்லூரியின் பணமும்

அமெரிக்கப் பள்ளிகளில் விளையாடும் பிள்ளைகளில், கல்லூரியில் விளையாட்டுக்கென்று ஏதாவது ஒரு தொகை பெறுகிறவர்கள் ஏறக்குறைய 2 சதவீதம்தான். இதைச் சொல்வது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ.-வே. அந்த 2 சதவீதத்திலும் முழுச் செலவும் கிடைப்பவர்கள் சிறுபான்மை. இருந்தும், கிளப் கட்டணம், வெளியூர்ப் போட்டி, தனிப்பயிற்சி என்று ஆண்டுக்கணக்கில் செலவழித்த பெற்றோர், ஒரு கோச்சிடமிருந்து அழைப்பு வந்த நாளில் பணத்தைப் பற்றி வாய் திறக்கத் தயங்குகிறார்கள். கூப்பிட்டதே பெரிது, இதில் பேரம் வேறா என்ற கூச்சம். கேட்டால் அழைப்பே போய்விடுமோ என்ற பயம் அதற்கும் மேல். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் என்பது என் நிலை. ஆனால் துணிந்து கேட்கும் குடும்பங்களிலும் பல, கேட்கக் கூடாத ஆளிடம், கேட்டுப் பயனில்லாததைக் கேட்கின்றன. 30 சதவீதத்தை 40 ஆக்கும்படி கோச்சிடம் மன்றாடுவதில் கிடைப்பது குறைவு. நான்கு ஆண்டுகளில் குடும்பத்தின் கையிலிருந்து போகும் மொத்தத் தொகை எவ்வளவு, அந்த உதவி எந்தெந்தச் சூழலில் குறையும் அல்லது நின்றுபோகும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குவதில் கிடைப்பது அதிகம். கல்லூரிகள் இத்தனை ஆண்டுகள் எதைக் காப்பாற்றப் போராடின என்று பார்த்தாலே இது விளங்கும்.

முதலில் பணம் யாருடையது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளையாடும் மாணவருக்கு வரக்கூடிய உதவி மூன்று பைகளிலிருந்து வருகிறது. விளையாட்டுத் துறையின் வரவு செலவிலிருந்து கோச் பரிந்துரைப்பது விளையாட்டு உதவித்தொகை. மதிப்பெண், தேர்வு முடிவு இவற்றைப் பார்த்துச் சேர்க்கை அலுவலகம் தருவது கல்வித் தகுதி உதவித்தொகை. குடும்பத்தின் வருமானம், சொத்து, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு நிதியுதவி அலுவலகம் தருவது தேவை அடிப்படையிலான உதவி. கோச்சின் அதிகாரம் முதல் பையோடு முடிகிறது. அந்தப் பையும் பல விளையாட்டுகளில் மிகச் சிறியது. அண்மைக் காலம் வரை என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் பேஸ்பால் அணி ஒன்றுக்கு 11.7 உதவித்தொகைதான். அதை 27 பேர் வரை பங்கிட்டுக் கொடுக்கலாம். ஆண்கள் டென்னிஸுக்கு 4.5, மல்யுத்தத்துக்கும் ஆண்கள் சாக்கருக்கும் 9.9. அமெரிக்கக் கால்பந்தின் உயர் மட்டத்தில் 85 பேருக்கும் ஆண்கள் கூடைப்பந்தில் 13 பேருக்கும் முழுத்தொகை இருந்த அதே கல்லூரியில், நீச்சல்காரருக்கும் ஓட்டக்காரருக்கும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. மூன்றாம் பிரிவில் உள்ள 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளிலும் ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களிலும் முதல் பை கிடையவே கிடையாது. ஐவி லீக் 1954-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்தே விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. ஆக, பெரும்பாலான மாணவர்களுக்குப் பெரும்பகுதிப் பணம் கோச் கையில் இல்லாத இரண்டு பைகளிலிருந்துதான் வர முடியும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மாணவிக்கு இரண்டு அழைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரிவில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டுச் செலவு 80,000 டாலர். கோச் 25 சதவீதம் தருகிறார், அதாவது 20,000. கல்லூரியிலிருந்து வரும் கடிதத்தில் அதோடு கூட்டாட்சி அரசின் மாணவர் கடன் 5,500, வளாகத்தில் வேலை செய்து ஈட்டக்கூடிய 3,000 இரண்டும் சேர்ந்து, 'மொத்த உதவி 28,500' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டாவது கல்லூரி மூன்றாம் பிரிவு. செலவு 82,000. விளையாட்டு என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து 50,000 டாலர் மானியம். முதல் கடிதத்தில் கடனும் கூலியும் உதவியாக வேடம் போட்டிருக்கின்றன. அவற்றைக் கழித்தால் குடும்பம் ஆண்டுக்கு 60,000 கட்ட வேண்டும். இரண்டாவதில் 32,000. நான்கு ஆண்டுகளில் வித்தியாசம் 1,12,000 டாலர். ஆனால் உறவினர் வீட்டு விசேஷத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிவது முதல் கடிதத்தைத்தான். அந்தப் பெருமைக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது கடிதத்தின் எந்த வரியிலும் எழுதப்படுவதில்லை.

கடிதங்கள் இப்படிக் குழப்புவது தற்செயலும் அல்ல, சில கல்லூரிகளின் பழக்கமும் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 91 சதவீதக் கல்லூரிகள் தங்கள் நிதியுதவிக் கடிதங்களில் நிகரச் செலவைக் குறிப்பிடவே இல்லை, அல்லது குறைத்துக் காட்டின. நிகரச் செலவு என்பது மொத்தச் செலவிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டாத மானியங்களை மட்டும் கழித்து வருவது. பேரத்துக்கு உட்காரும் குடும்பத்தின் முதல் வேலை, வந்த ஒவ்வொரு கடிதத்தையும் இந்த ஒரே எண்ணாகச் சுருக்குவது. அதைச் செய்யாமல் ஒரு கல்லூரியின் சதவீதத்தை இன்னொரு கல்லூரியின் சதவீதத்தோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை, ஏனென்றால் எந்தத் தொகையின் சதவீதம் என்பதே கல்லூரிக்குக் கல்லூரி மாறும். படிப்புக் கட்டணத்தில் மட்டும் பாதியா, விடுதியும் உணவும் சேர்ந்த மொத்தத்தில் பாதியா என்று கேட்டால் சில கோச்சுகளுக்கே உடனே பதில் சொல்லத் தெரியாது. வருமான வரியும் இதில் நுழைகிறது. படிப்புக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் உதவித்தொகைக்கு வரியில்லை; விடுதிக்கும் உணவுக்கும் போகும் பகுதிக்கு உண்டு.

இனி, காலம். என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. குடும்பத்தின் தேவையைப் பார்க்காமல் விளையாட்டுக்காகவே உதவித்தொகை தரலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது 1956-இல். தொடக்கத்தில் நான்கு ஆண்டுகளுக்கு உறுதி தருவது வழக்கத்தில் இருந்தது. 1973-இல் விதி மாறியது. உதவித்தொகை ஓர் ஆண்டுக்குத்தான், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம் என்றானது. மாணவர் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு கல்லூரியோடு தன்னைக் கட்டிப்போடுகிறார்; கல்லூரியோ ஓர் ஆண்டுக்கு மட்டும். எதிர்பார்த்தபடி ஆடாதவர், அடிபட்டவர், புதிய கோச்சின் ஆட்டமுறைக்குப் பொருந்தாதவர் ஆகியோரின் தொகையைக் கோடை விடுமுறையில் ஒரு கடிதத்தில் முடித்துவிட முடிந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடிய ஜோசப் ஆக்னியூவுக்கு நடந்தது இதுதான். காயங்கள், கோச் மாற்றம், கடைசி ஆண்டுக்கு உதவித்தொகை இல்லை. ஓர் ஆண்டு விதி போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று அவர் 2010-இல் வழக்குப் போட்டார். 2012-இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

வழக்கு தோற்றாலும் அந்தக் காலத்திலேயே விதி அசைந்தது. பல ஆண்டு உதவித்தொகை தர விரும்பும் கல்லூரி தரலாம் என்று என்.சி.ஏ.ஏ. அறிவித்தது. தரவேண்டும் என்றல்ல, தரலாம் என்றுதான். அதைக்கூட உறுப்பினர் கல்லூரிகள் எதிர்த்தன. 2012 பிப்ரவரியில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்ய நடந்த வாக்கெடுப்பில் ரத்துக்கு ஆதரவாக விழுந்தது 62.12 சதவீதம். தேவைப்பட்டது 62.5. நூலிழையில் திருத்தம் பிழைத்தது. பிறர் தர விரும்பினாலும் தரக்கூடாது என்று ஐந்தில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட கல்லூரிகள் வாக்களித்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கல்லூரி நான்கு ஆண்டு உறுதி தரத் தொடங்கினால் நல்ல ஆட்டக்காரர்கள் மற்றவர்களிடமும் அதையே கேட்பார்கள் என்பது அவற்றுக்குத் தெரியும். எதிர்த்தரப்பு எதை விட்டுக்கொடுக்க இவ்வளவு தயங்குகிறதோ, மதிப்புள்ளது அதுதான். 2015-இல் ஐந்து பெரிய கூட்டமைப்புகளின் கல்லூரிகள், ஆட்டத்திறன் காரணமாக உதவித்தொகையைக் குறைப்பதில்லை என்ற விதியை ஏற்றன. 2024 ஆகஸ்டிலிருந்து அதுபோன்ற பாதுகாப்பு முதல் பிரிவின் மற்றக் கல்லூரிகளுக்கும் விரிந்தது. நாற்பது ஆண்டுக்கும் மேலான இழுபறிக்குப் பின் கிடைத்த பாதுகாப்பு இது.

விதி வந்துவிட்டதே, இனி எழுத்தில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. தானாக அணியிலிருந்து விலகினால் தொகை நிற்கும் என்பது பழைய விதி. ஆட்ட நேரமே தராமல் ஒரு மாணவரைத் தானாக விலகும் நிலைக்குத் தள்ள முடியும். வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான பதிவேட்டில் பெயரைக் கொடுத்துவிட்டால் அந்தப் பருவ முடிவிலேயே தொகையை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை உண்டு. படிப்பை முடிக்க ஐந்தாம் ஆண்டு தேவைப்பட்டால் யார் கட்டுவது, கோடைப் பருவத்தில் எடுக்கும் பாடத்துக்கு யார் கட்டுவது என்பவை பெரும்பாலும் பேசப்படாமலே போகின்றன. எழுத்தில் தொகை டாலரில் இருக்கிறதா, சதவீதத்தில் இருக்கிறதா என்பதுகூடச் சின்ன விஷயமல்ல. ஆண்டுச் செலவு 80,000, அது ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் நான்காம் ஆண்டில் 89,989 ஆகும். உதவி 30,000 டாலர் என்று உறைந்திருந்தால் குடும்பத்தின் பங்கு 50,000-இலிருந்து 59,989 ஆகிறது. அதே உதவி 37.5 சதவீதம் என்று எழுதப்பட்டிருந்தால் நான்காம் ஆண்டில் 56,243-தான். முதல் ஆண்டில் இரண்டும் ஒன்றே. அதனால்தான் கையெழுத்திடும்போது யாரும் கவனிப்பதில்லை. இந்த ஒரு வரியை மாற்றித் தரும்படி கேட்பது, கூடுதலாக 2,000 டாலர் கேட்பதைவிடக் கோச்சுக்கும் எளிது, குடும்பத்துக்கும் லாபம்.

கேட்கும் நேரம் குறுகியது. முதல் பிரிவில் பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் கோச் பேசத் தொடங்கலாம். அப்போது தருவது வாய்வார்த்தை. அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. எழுத்தில் வருவதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் ஆகஸ்ட் 1 வரை காத்திருக்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்துவந்த விதி. இடைப்பட்ட காலத்தில் பிள்ளை சமூக ஊடகத்தில் கல்லூரியின் தொப்பியோடு படம் போட்டு, மற்றக் கோச்சுகளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறது. வேறு அழைப்பு கையில் இல்லாத நாளில்தான் எழுத்து ஆவணம் வருகிறது. 1964-இலிருந்து கல்லூரிக்கு மாணவரைக் கட்டிப்போட்ட தேசிய ஒப்புதல் கடிதம் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டு, அதன் வேலையை இப்போது உதவித்தொகை ஒப்பந்தமே செய்கிறது. பணமும் பிணைப்பும் ஒரே தாளில் வந்துவிட்டதால், கையெழுத்துக்கு முன் அந்தத் தாளை வரிவரியாகப் படிக்க வேண்டிய அவசியம் கூடியிருக்கிறது. வாய்வார்த்தைக் கட்டத்திலேயே உதவி எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தச் சூழலில் குறையும் என்று கேட்டு, நடந்த பேச்சை ஒரு மின்னஞ்சலில் சுருக்கி எழுதி, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று கோச்சிடம் உறுதி கேட்டுக்கொள்வது யாரையும் புண்படுத்தாது.

கல்லூரிக் கட்டணத்தில் பேரம் பேசுவது அநாகரிகம், உதவி என்பது தர்மம், தர்மத்தில் விலை பேசலாமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சொந்த வரலாறே பதில். 1991 வரை ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் எம்.ஐ.டி.-யும் இன்னும் சில கல்லூரிகளும் ஒவ்வொரு வசந்தத்திலும் கூடி உட்கார்ந்து, தங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அனுமதி பெற்ற மாணவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உதவி தருவது என்று பேசி ஒத்துப்போகச் செய்துகொண்டன. எங்கே போனாலும் குடும்பம் கட்டுவது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது நோக்கம். அமெரிக்க நீதித்துறை இதை விலைக் கூட்டுச்சதி என்று வழக்குத் தொடுத்தது. ஐவி பல்கலைக்கழகங்கள் இனிமேல் செய்வதில்லை என்று உடன்பட்டன, எம்.ஐ.டி. வழக்காடி, 1993-இல் சமரசத்துக்கு வந்தது. பின்னர் வரம்புக்குட்பட்ட ஒத்துழைப்புக்கு நாடாளுமன்றம் தந்த சட்ட விலக்கும் 2022 செப்டம்பரில் காலாவதியானது. அந்த ஆண்டே தொடுக்கப்பட்ட இன்னொரு வழக்கில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 28 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. குடும்பங்கள் ஒரு கல்லூரியின் கடிதத்தை இன்னொரு கல்லூரியிடம் காட்டிக் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இல்லையென்றால் இத்தனை கூட்டங்களுக்குத் தேவையே இருந்திருக்காது. இன்று கார்னெல் போன்ற பல்கலைக்கழகம், மற்ற ஐவி கல்லூரிகள் தரும் உதவிக்கு ஈடுசெய்வதாக வெளிப்படையாகவே அறிவிக்கிறது.

விளையாட்டு உதவித்தொகையே இல்லாத இந்தக் கல்லூரிகளில் கோச்சிடம் இருப்பது வேறொரு செல்வம். சேர்க்கை அலுவலகத்தில் அவர் சொல்லும் பெயருக்கு எடை உண்டு. ஹார்வர்டுக்கு எதிரான சேர்க்கை வழக்கில் வெளியான தரவுகளை வைத்துப் பொருளியலாளர்கள் கணக்கிட்டபோது, கோச் அழைத்த மாணவர்களில் 86 சதவீதம் பேருக்கு அனுமதி கிடைத்தது தெரிந்தது. மற்ற விண்ணப்பதாரர்களுக்கு அது ஒற்றை இலக்கம். பணம் தர முடியாத கோச்சிடம் பணம் கேட்பது வீண். அவரிடம் கேட்கத் தகுந்தது, விண்ணப்பத்துக்கு முன்பே நிதியுதவி அலுவலகத்திடமிருந்து ஒரு முன்மதிப்பீடு வாங்கித் தர முடியுமா என்பதுதான். குடும்பத்தின் வரிக்கணக்கைப் பார்த்து இவ்வளவு உதவி கிடைக்கலாம் என்று பல கல்லூரிகள் கோடையிலேயே சொல்லிவிடும். அனுமதி கிடைத்தால் அங்கேயே சேர்வதாக உறுதி தரும் முன்முடிவு விண்ணப்பம் போட்டுக் கட்டுப்பட்டுவிட்ட பிறகு ஒப்பிடுவதற்கு வேறு கடிதம் இருக்காது என்பதால், இந்த முன்மதிப்பீடு இல்லாமல் கட்டுப்படுவது பெரிய ஆபத்து. மூன்றாம் பிரிவில் இன்னொரு எல்லையும் உண்டு. விளையாட்டை மனதில் வைத்து உதவி தருவது அங்கே விதிமீறல். ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் உதவி மற்ற மாணவர்களுடையதிலிருந்து மாறுபடுகிறதா என்று ஆண்டுதோறும் சரிபார்க்கிறார்கள். எனவே, நான் அணிக்கு வேண்டியவன், கூட்டிக் கொடுங்கள் என்று அங்கே எழுதும் கடிதம் கோச்சையே சிக்கலில் மாட்டும். வேலை இழப்பு, மருத்துவச் செலவு, தாத்தா பாட்டியைப் பராமரிக்கும் செலவு போன்று வரிக்கணக்கில் தெரியாதவற்றை ஆவணத்தோடு காட்டி மறுபரிசீலனை கேட்பதே சரியான வழி. கூட்டாட்சிச் சட்டம் நிதியுதவி அலுவலருக்கு இத்தகைய தனிச்சூழலில் கணக்கை மாற்றும் அதிகாரம் தந்திருக்கிறது. அப்படிக் கேட்கலாம் என்பதைக் கல்லூரிகள் பொதுவில் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது.

கேட்டால் கோச் கோபித்து அழைப்பைத் திரும்பப் பெற்றுவிடுவார் என்ற பயத்தைத் தள்ளிவிட முடியாது. அப்படி நடப்பதுண்டு. இரண்டு நாளில் சொல்லு, இல்லையென்றால் அடுத்த பையனிடம் போகிறேன் என்று நெருக்கும் கோச்சுகளும் உண்டு. ஆனால் கேள்வியின் வகை இங்கே முக்கியம். எனக்கு இன்னும் 10 சதவீதம் வேண்டும் என்றால் அது அணியின் இன்னொருவர் பங்கிலிருந்து வர வேண்டும்; கோச் சிரமப்படுகிறார். மற்ற இரண்டு பைகளிலிருந்து எனக்கு எவ்வளவு வரும் என்று பார்க்க யாரிடம் பேசட்டும் என்றால் கோச்சுக்கு ஆதாயம். தேவை உதவியும் கல்வித் தகுதி உதவியும் அணியின் உச்சவரம்புக் கணக்கில் சேராது என்று முதல் பிரிவில் 2020-இல் விதி தளர்ந்த பிறகு, ஒரு மாணவர் அந்தப் பைகளிலிருந்து எவ்வளவு கொண்டுவருகிறாரோ அவ்வளவுக்கு கோச்சின் பணம் மற்றவர்களுக்கு நீளுகிறது. நியாயமான கேள்விக்கே பொறுமை இழக்கும் கோச்சிடம் நான்கு ஆண்டுகள் பிள்ளையை ஒப்படைப்பது நல்லதா என்பதையும் குடும்பம் யோசிக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நீதி பற்றியது. ஒரு பையில் கையைவிட்டு எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். கேட்கத் தெரிந்த, படித்த, வசதியான குடும்பமே கேட்டு வாங்கும். கேட்கத் தெரியாத ஏழைக் குடும்பத்தின் பங்கு போகும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இது தகுதி உதவித்தொகைக்குப் பொருந்தும் அளவுக்குத் தேவை அடிப்படை உதவிக்குப் பொருந்தாது. அங்கே வருமானம் உயர உயரக் கேட்பவரின் வாதம் வலுவிழக்கிறது. கேட்காமல் இருந்தால் நீதி வந்துவிடுமா என்பதும் கேள்வி. பலரும் வாய்மூடி இருந்த 1973 முதல் 2012 வரையிலான காலத்தில் ஓர் ஆண்டு விதியால் அதிகம் அடிபட்டவர்கள், வேறு வழியில் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளே. அமெரிக்கக் குடியுரிமையுள்ள ஏழை மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் தரும் பெல் மானியம் விளையாட்டு உதவித்தொகைக்கு மேலும் கிடைக்கும் என்பதுகூட விண்ணப்பம் போட்டவருக்குத்தான் கைக்கு வரும். நிதியுதவிக் கடிதம் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே வடிவில் இருக்க வேண்டும், கடனை உதவி என்று எழுதக்கூடாது என்று சொல்லும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை வந்தும் சட்டமாகவில்லை. கேட்கத் தெரியாதவர்களைப் பற்றிய கவலை உண்மையானது என்றால், கேட்பவர்களைக் குறைசொல்வதைவிட அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுப்பதே பொருத்தம்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது மாணவர்களுக்குச் சம்பளமே வந்துவிட்டது என்றும் சொல்லப்படுகிறது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து மாணவர்கள் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். அதன்படி 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பகிரலாம் என்றானது. சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் உதவித்தொகை உச்சவரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது: கால்பந்துக்கு 105, பேஸ்பாலுக்கு 34. இனி 34 பேஸ்பால்காரர்களுக்கும் முழுத்தொகை தரத் தடையில்லை. தரவேண்டிய கட்டாயமும் இல்லை. பகிரும் பணத்தில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. மற்ற விளையாட்டுகளில் இருப்பவருக்கு நேர்ந்தது, தொகைக்கு இருந்த கூரை நீங்கியதும் அணியில் இருந்த இடம் சுருங்கியதும்தான். அணிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டாலும் உதவித்தொகை படிப்பு முடியும்வரை தொடருமா என்ற புதிய கேள்வி இதனால் முளைத்திருக்கிறது. சமரசத்தை ஐவி லீக் ஏற்கவில்லை. மூன்றாம் பிரிவுக்கு அது பொருந்தவே இல்லை. விளம்பர ஒப்பந்தம் பேச முகவர்கள் வரிசையில் நிற்கும் ஒருசிலரை விட்டுவிட்டுப் பார்த்தால், மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பேச வேண்டியவை முன்பு இருந்தவையேதான்.

இந்த மாற்றங்களின் பலன் மிகக் குறைவாக எட்டுவது வெளிநாட்டு மாணவர்களை. சென்னையிலிருந்து இந்தப் பாதையில் போனவர்கள் உண்டு. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டுகளிலும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். தமிழ்நாட்டு ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் ஐவி லீகின் கொலம்பியாவுக்கு ஆடினார். 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 ஆட்டங்களில் தோற்காத டிரினிட்டி கல்லூரி ஸ்குவாஷ் அணி இந்தியாவிலிருந்தும் வீரர்களை அழைத்தது. அது மூன்றாம் பிரிவுக் கல்லூரி, விளையாட்டு உதவித்தொகை இல்லாதது. இந்தியக் குடும்பம் ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மானியமோ கடனோ கிடையாது. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் வேலைக்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால் விளம்பர வருமானமும் பெரும்பாலும் எட்டாது. விடுதி, உணவுக்குப் போகும் உதவித்தொகையில் 14 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பது அனுமதி முடிவிலேயே பார்க்கப்படும் என்பதால், எவ்வளவு கேட்பது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைக் கல்லூரி தருவதற்கு ஓர் ஆண்டுச் செலவுக்குப் பணம் காட்டினால் போதும். தூதரகமும் முதலில் பார்ப்பது அந்த ஓர் ஆண்டைத்தான். அதனால் குடும்பத்தின் கணக்கும் முதல் ஆண்டோடு நின்றுவிடுகிறது. நிலத்தை அடமானம் வைப்பதும் வங்கிக் கடன் வாங்குவதும் அந்த ஒற்றை ஆண்டின் எண்ணை நம்பித்தான். இரண்டாம் ஆண்டில் தொகை குறைந்தால் ஊர் திரும்பவும் முடியாமல், மிச்சத்தைக் கட்டவும் முடியாமல் தவிப்பது அந்தப் பிள்ளைதான். விசாவுக்காக 350 டாலர் செவிஸ் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பு, நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுவாரியாகத் தொகை எழுதி நிதியுதவி அலுவலர் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கேட்டு வாங்குவதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. குறைப்பு வந்தால் விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழுவிடம் முறையிடக் கல்லூரி தரவேண்டிய விசாரணை வாய்ப்பில் அவர்கள் எடுத்துவைக்கக்கூடிய முதல் ஆவணமும் அதுவாகவே இருக்கும்.